எடுத்துவிட்ட ஏழு புள்ளிகள்

போன வாரம் ஃபரீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்த பெண். கீழக்கரைக்காரி, கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். புது சாஃப்ட்வேர்ல பாசிவிட்டி டெஸ்ட் போட்டா எல்லா மாடலுக்கும் பாஸ், பாஸ்னுதான் வருது. பெரிய மாடலா இருந்தா அரை நாள் ஓடுது. தெரிஞ்ச டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் அத விட்டுறலாமான்னு மீட்டிங்ல பேசிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மீன் அரிந்துகொண்டிருந்த நான், "விட்றாத!" என்று போட்ட சத்தத்தில், கையைத்தான் வெட்டிக்கொண்டேன் என்று நினைத்து என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து ஓடி வந்தார். அந்தப் பக்கம் ஃபரீதாவும் பயந்துவிட்டாள். காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

காலம் பூராவும் ரிப்போர்ட் எழுதிய கைக்கு இந்த ஒன்றை எழுத நாலு நாள் பிடித்தது. இது எனக்கு வெட்கமான கதை.

என் ஊர் முதுகுளத்தூர் பக்கம். எங்கள் வீட்டில் மிளகாயும் ஆடும் தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது. பாலிடெக்னிக் முடித்து மின்சார டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன் என்று சொன்னபோது, என்னைப் பெற்ற அய்யா, "ஏத்தா, கரண்டத் தொட்டுத்தான் சோதிப்பாகளா?" என்று கேட்டார். முதல் சில வருஷங்கள் கேபிள் சுருட்டினேன். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் மேல் ஏறினேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஏணியிலிருந்து நாற்காலிக்கு மாறினேன். பயிற்சிக் கதை இவ்வளவு போதும்.

நாற்காலியில் செய்த வேலை இதுதான். ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் பல வேகங்களில் அதிரும் சின்னச் சின்ன மின்னலைகளை அனுப்பி, ஒவ்வொரு வேகத்திலும் அது எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்று அளப்போம். அந்த அளவுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால், அதே மாதிரி நடந்துகொள்ளும் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கும். அதற்குப் பெயர் மாடல். இடி விழுந்தால் என்ன ஆகும், ஸ்விட்சைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நிஜ டிரான்ஸ்பார்மரை வதைக்காமல் மாடலிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. செம்புச் சுருளும் இரும்பும் எண்ணெயும் சேர்ந்த டிரான்ஸ்பார்மர் தானாக மின்சாரம் தயாரிக்காது. வாங்கியதில் கொஞ்சம் சூடாக வீணாகும், மீதியைத்தான் திருப்பித் தரும். மில்லில் ஒரு மூட்டை நெல்லைக் கொட்டினால் ஒன்றேகால் மூட்டை அரிசி வராது. இந்தக் குணத்தைத்தான் பாசிவிட்டி என்கிறோம். நிஜப் பொருளுக்கு இது பிறவிக் குணம். சமன்பாட்டுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. புள்ளிகளோடு அச்சாகப் பொருந்துகிற மாடல்கூட ஏதோ ஒரு வேகத்தில் வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தந்துவிடும். அப்படித் தருகிறதா என்று பார்ப்பதுதான் ஃபரீதா விட்டுவிடலாமா என்று கேட்ட டெஸ்ட்.

எங்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஒருமுறை திருவாடானைப் பக்கத்து மாடல் ஒன்று, ஓட்டிய மாத்திரத்தில் அலையை வானத்துக்கு ஏற்றிவிட்டது. "பெட்ரோல் இல்லாத ஜெனரேட்டர் கண்டுபிடிச்சிட்டோம்" என்று பிரிவே கைதட்டிச் சிரித்தது. இப்படிக் கண்ணுக்கு முன்னால் கூத்தடிக்கிற மாடலை யாரும் பிடித்துவிடலாம். நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிற மாடல்தான் ஆபத்து.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் தனபால் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வருவார். தன் மேசைக் கண்ணாடியைத் தானே துடைத்துக்கொள்வார். ரிப்போர்ட்டைக் கொடுத்தால் எழுத்தைப் படிக்க மாட்டார். நேரே வரைபடப் பக்கத்தைத் திருப்பி, கையை முழுசாக நீட்டிப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கோடு வழுவழுவென்று போனால் "லட்சணமா இருக்கும்மா" என்பார். எங்காவது ஒடிந்திருந்தால் பென்சில் முனையால் அந்த இடத்தை இரண்டு தடவை தட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்துவிடுவார். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. அந்த இரண்டு தட்டுக்குப் பயந்தே நாங்கள் ஒடியாத கோடு வரையப் பழகினோம். வினை அங்கேதான் தொடங்கியது.

மண்டபத்துக்கு இந்தப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சப்ஸ்டேஷன். அங்கே அளக்கும் முறையே வேறு. டிரான்ஸ்பார்மரின் தலையில் புஷிங் என்று பீங்கான் தூண்கள் நிற்கும், கம்பி அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். கடற்காற்று அந்தப் பீங்கான் மேல் உப்பைப் பூசிவிடும். உப்பு ஈரமானால் மின்சாரம் பீங்கான் மேலேயே கசிந்து ஓடும், அளவு கெட்டுவிடும். அதனால் லாரியில் வரும் நல்ல தண்ணீரில் புஷிங்கைக் கழுவி, துடைத்து, காலை வெயிலில் காயவிட்டு, காற்று கடலிலிருந்து ஏறுவதற்குள் அளந்து முடிக்க வேண்டும். பத்தரை, பதினொன்றுக்குக் காற்று திரும்பினால் கையை எடுத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் இன்னொரு காலையில், மறுபடி கழுவிவிட்டுத்தான். உள்ளூர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு.

நான் அளந்த அன்றைக்கு ஒரு கேபிள் மக்கர் செய்து இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. பாதி வேகங்களை முடிப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது. தண்ணீர் லாரி இனி அடுத்த வாரம்தான் என்றார்கள். டிரான்ஸ்பார்மரை அன்று ஒரு நாளைக்குத்தான் நிறுத்திக் கொடுத்திருந்தார்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல். துணியை எடுத்துப் புஷிங்கை அழுத்தித் துடைத்தேன், சாப்பிட்டேன், மதியம் உட்கார்ந்து மீதியையும் அளந்துவிட்டேன்.

ஆபீசுக்கு வந்து வரைந்து பார்த்தால், காலைக் கோடும் மதியக் கோடும் சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஓர் ஒடிவு. உப்பு செய்த வேலை. தனபால் சாரின் பென்சில் தட்டும் சத்தம் எனக்கு அப்போதே காதில் விழுந்தது. அந்த ஒடிவைச் சுற்றி இருந்த ஏழு புள்ளிகளை எடுத்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டர் தானாக இழுத்துச் சேர்த்து, அருமையான மாடல் ஒன்றைக் கொடுத்தது.

பாசிவிட்டி டெஸ்டையும் ஒழுங்காகத்தான் செய்தேன். புள்ளி இருக்கும் ஒவ்வொரு வேகத்திலும் மாடல் எவ்வளவு மின்சாரத்தை இழக்கிறது என்று கணக்கிட்டு, அந்த இழப்பு எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை என்று பார்ப்பது அப்போது எங்கள் முறை. இழப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் மாடல் மின்சாரம் தயாரிக்கிறது என்று அர்த்தம். எல்லாப் புள்ளியிலும் மேலேயே இருந்தது. 'பாசிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்து, லட்சணமாக இருப்பதாகச் சொன்னார். புள்ளியே இல்லாத இடத்தை எதை வைத்துச் சோதித்தாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம், பராமரிப்புக்காக நிறுத்தும்போது, அந்த டிரான்ஸ்பார்மரின் புஷிங் வெடித்தது. ஸ்விட்சுகளை இயக்கியவர் சேவியர். பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் உள்ள மீனவக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கடலுக்குப் போக, படகில் ஏறினாலே குடலைப் புரட்டும் என்பதால் படித்துக் கரை வேலைக்கு வந்தவர். நாங்கள் அளக்கப் போகும்போதெல்லாம் டீயோடு வந்து நிற்பார். வெடித்தபோது அவருடைய கூட்டாளி கணேசன் வெளியே, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றிருந்தார். பீங்கான் சில்லு பாய்ந்து கணேசனுக்கு ஒரு கண் போய்விட்டது.

நிறுத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்களை முதலில் லைனிலிருந்து விடுவிக்க வேண்டும், டிரான்ஸ்பார்மரை அதற்கப்புறம். மாற்றிச் செய்தால் இரண்டும் சேர்ந்து அதிர வாய்ப்பு இருக்கிறது. சேவியர் லாக் புக்கில் சரியான வரிசையில்தான் எழுதியிருந்தார். ஆனால் இரண்டுக்கும் ஒரே நிமிஷத்தைப் போட்டிருந்தார். எதை முதலில் விட்டார் என்று தெரிந்துகொள்ள விசாரணைக் குழு என் மாடலைக் கேட்டது.

நானே போய் ஓட்டிக் காட்டினேன். சரியான வரிசையில் அலை இரண்டு துள்ளு துள்ளி அடங்கிவிட்டது. மாற்றிய வரிசையில் வளர்ந்தது. ஒன்றைவிட ஒன்று உயரமாகப் பதினோரு முகடு. பதினோராவது முகடு, புஷிங் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியது. "அப்ப இதுதான்" என்றார் குழுத் தலைவர்.

அந்தப் படத்தைச் சேவியரிடம் காட்டினார்கள். "சரியாத்தான் சார் செஞ்சேன்" என்று முதல் நாள் சொன்னவர், மூன்றாவது நாள் விசாரணையில் வரிசையை மாற்றிப் போட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை போனது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பாவம், நல்ல மனுஷன், கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருக்கும். பாசிவிட்டியைச் சோதிக்க எங்களுக்குப் புது முறை ஒன்று வந்தது. இதற்கு அளந்த புள்ளிகளே வேண்டாம். மாடலின் எண்களையெல்லாம் ஒரு பெரிய கட்டத்தில் அடுக்கி, கல்லூரியில் படித்த ஐகன் மதிப்புகளைக் கணக்கிட்டால், இழப்பு எந்தெந்த வேகத்தில் பூஜ்யத்தைக் கடக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இரண்டு புள்ளிக்கு நடுவில் ஒளிந்திருப்பதும் தப்பாது.

கை பழகுவதற்காகப் பழைய மாடல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஏழெட்டு மாடல் சுத்தமாக வந்தன. கடலோர மாடலுக்கு மட்டும், இரண்டு இடத்தில் கடக்கிறது என்று வந்தது. தப்பாகப் போட்டிருப்பேன் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் இரண்டு. அந்த இரண்டு வேகத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பழைய அளவுப் புத்தகத்தைத் திறந்தேன். நான் எடுத்துவிட்ட ஏழு புள்ளிகள் இருந்த இடைவெளிக்குள் இரண்டும் இருந்தன.

எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். அந்த இடைவெளியில் மட்டும் இழப்பின் கோடு பூஜ்யத்துக்குக் கீழே முங்கி எழுந்திருந்தது. கெபாசிட்டர்களோடு சேர்ந்தால் டிரான்ஸ்பார்மர் எந்த வேகத்தில் அதிருமோ, அது அந்த முங்கலுக்குள்ளேயே விழுந்தது. மாற்றிய வரிசையை மறுபடி ஓட்டினேன். விசாரணையில் பதினோராவது முகட்டோடு நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான் கேட்டார்கள். இந்தத் தடவை நிறுத்தாமல் விட்டேன். வெளியிலிருந்து வரும் மின்சாரம் மொத்தத்தையும் துண்டித்தும் பார்த்தேன். அப்போதும் வளர்ந்தது. இருபதாவது முகடு, ஐம்பதாவது முகடு. உலகத்தில் எந்தக் கம்பியிலும் இல்லாத வோல்டேஜ் திரையில் ஏறிக்கொண்டே போனது. இதைக் காட்டியா ஒரு மனுஷன் வேலையைப் பறித்தோம்! அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு தனபால் சார் அறைக்குப் போனேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். புதுப் படத்தை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். முங்கிய இடத்தில் பென்சிலால் இரண்டு தட்டு தட்டினார். அதே மெல்லிய குரலில் கேட்டார்.

"இது எத்தன பேருக்குத் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் சார்."

"அப்படியே இருக்கட்டும்மா. முடிஞ்ச கேஸ். அவரே ஒத்துக்கிட்டாரு."

இந்த மனுஷரிடம் இத்தனை வருஷத்தில் ஒரு கடுஞ்சொல் வாங்கியதில்லை. இந்தக் குரலில் இப்படியும் ஒரு பேச்சு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"அவரு ஒத்துக்கிட்டது நம்ம படத்தப் பாத்து சார்."

"எழுதினா முதல்ல மாட்டுறது உங்க கையெழுத்துதான் பாண்டியம்மா."

"அதுக்குத்தான் சார் நானே எழுதுறேன்."

ஒன்றையும் மறைக்காமல் குழுவுக்கு எழுதினேன். ஏழு புள்ளி, லாரித் தண்ணீர், துணியால் துடைத்தது, எல்லாம். அந்தக் கடிதம் சார் மேசை வழியாகத்தான் போக வேண்டும். கிழித்துப்போடுவார் என்று எதிர்பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் ஓய்வு பெறும்வரை வேலை விஷயம் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனுஷரை இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

குழு மறுபடி கூடியது. புது புஷிங் போட்ட அதே டிரான்ஸ்பார்மரை இரண்டு காலைகளில், இரண்டு தடவை கழுவி அளந்தோம். ஒரு புள்ளியையும் எடுக்கவில்லை. புது மாடல் புது முறையில் சுத்தமாக வந்தது. அதில் சரியான வரிசையிலும் அலை அடங்கியது, மாற்றிய வரிசையிலும் அடங்கியது. சேவியர் எப்படிச் செய்திருந்தாலும் புஷிங் அதனால் வெடித்திருக்காது. அப்புறம்தான் பராமரிப்புப் புத்தகத்தைப் புரட்டினார்கள். வெடிப்பதற்கு முன்னால் பல வாரமாகத் தண்ணீர் லாரி வரவில்லை, புஷிங்கை யாரும் கழுவவில்லை. ஏறியிருந்த உப்பு வழியாகத்தான் மின்சாரம் பாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் முதல் விசாரணையிலும் அதே புத்தகத்தில்தான் இருந்தது. என் படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் யாரும் அதைத் திறக்கவில்லை.

சேவியரை மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவு வந்தது. தபாலில் போகட்டும் என்றார்கள். நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டிப் போனேன். பூசை முடிந்து வந்திருந்தார்கள். சேவியர் பாதியாக இளைத்திருந்தார். குடலைப் புரட்டும் கடலுக்கே அண்ணன் படகில் போய்க்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், இங்கன நெழல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உட்காராமலே சொன்னேன். "சேவியர், உங்க மேல தப்பே இல்ல. தப்பு என் கணக்குல. ஆர்டர் கொண்டாந்திருக்கேன்."

அவர் மனைவி பெனிட்டாதான் முதலில் அதை வாங்கினாள். "நான் சொன்னேன்ல! வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாக்குற ஆளு மேடம் இவரு. இவரா மாத்திப் போடுவாரு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். சேவியர் தாளைப் பார்க்கவே இல்லை.

"இல்ல மேடம். நாந்தான் மாத்திப் போட்டேன்."

"லாக் புக்குல சரியாத்தான எழுதியிருக்கீங்க?"

"பயத்துல எழுதியிருப்பேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மேடம். ஞாயித்துக்கெழமையானா கணேசன் வீட்டுக்கு மீனு கொண்டுபோறேன். வாசல்லயே குடுத்துட்டு வந்துருவேன். உள்ள போயி அவன் மூஞ்சியப் பாக்க முடியல."

"என்ன ஞாபகம் இருக்கு? சொல்லுங்க."

"சத்தம் மேடம். ஸ்விட்ச விட்டதும் ம்ம்முனு ஒரு உறுமல். அடுத்தது அதவிடப் பெருசு. அதுக்கு அடுத்தது அதவிடப் பெருசு. எண்ணுனேன் மேடம். பதினொண்ணு. பதினோராவதுலதான் வெடிச்சது."

அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பையில் விசாரணையில் காட்டிய பழைய படம் இருந்தது, அதை எடுத்து மடியில் விரித்தேன். சேவியர் குனிந்து, விரலை வைத்து, உதடு அசைய ஒவ்வொரு முகடாக எண்ணிக்கொண்டு போனார். பதினொன்றில் விரல் நின்றது.

"இதான் மேடம். இதத்தான் கேட்டேன்."

"சேவியர், இந்தப் பதினொண்ணும் கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். யாரு காதாலயும் இத எண்ண முடியாது. அதுவும் நெசத்துல நடக்கவே இல்ல. என் கம்ப்யூட்டருக்குள்ள மட்டும்தான் நடந்துச்சு."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெனிட்டா அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அப்ப எனக்குத் தெனமும் கேக்குதே மேடம். அது எதோட சத்தம்?"

உத்தரவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். அடுத்த மாதம் அவர் வேலையில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். கணேசன் வீட்டுக்குள் போனாரா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஃபரீதா, அரை நாள் ஓடினால் ஓடட்டும். மீட்டிங்கில் இதைப் படித்துக் காட்டு, என் பெயரைச் சொல்லியே படி. பிறகு அந்தப் பக்கம் அளக்கப் போகும்போது, டீயோடு வந்து நிற்பவரிடம் இந்தத் தாளைக் கொடு. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்தவள். அது டிரான்ஸ்பார்மர் போட்ட சத்தம் இல்லை, சேவியர். நான் வரைந்த சத்தம்.